ஜூரோங் சதுப்பில் எழுந்த புகைபோக்கிகள்

ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்குச் சிங்கப்பூர் என்றால் தேக்காதான். தீபாவளிக்கு முன்பு துணிமணி எடுக்கவும், மகளுக்குத் தாலி செய்யவும், ஊருக்குப் பணம் அனுப்பவும் சிராங்கூன் சாலைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என இரண்டு தெருக்கள் உண்டு. ஒன்று ஆங்கிலத்தில் எருமை; மற்றது மலாயில் எருமை. ஒரு காலத்தில் அங்கே மாட்டுப் பட்டிகளும் பால்காரர்களும் நிறைந்திருந்ததை அந்தப் பெயர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தத் தேக்காவிலிருந்து மேற்கே பத்து மைலுக்கு மேல் போனால் ஜூரோங் வரும். 1960-ஆம் ஆண்டில் அது சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் சிறு குன்றுகளுமாகக் கிடந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் எஃகு ஆலை, கப்பல் பட்டறை, எண்ணெய்த் தொழில், நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. இது எப்படி நடந்தது என்று கேட்டால் பொருளியல் அறிஞர்கள் சில சொற்களைச் சொல்வார்கள்: மறு ஏற்றுமதி, அந்நிய முதலீடு, கூட்டு மதிப்பு, உற்பத்தித் திறன், முத்தரப்பு உறவு. கேட்க வறட்டுச் சொற்களாக இருக்கலாம். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. தொழிலாளி எதைக் கொடுத்தான், எதைப் பெற்றான், அந்தப் பேரத்தில் சேர்க்கப்படாமல் வெளியே நின்றவர் யார் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். பால் வெட்டும் கையை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வாசலுக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர் இருப்பதால், இந்தக் கணக்கு நமக்கும் வேண்டிய கணக்கு.

புதிதாகத் தொழில்மயமான நாடுகள் என்ற பெயர் பரவலானது 1979-இல். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று அந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் பத்து நாடுகளை அப்படி வகைப்படுத்தியது. ஐரோப்பாவில் கிரீஸ், போர்ச்சுகல், ஸ்பெயின், யூகோஸ்லாவியா. லத்தீன் அமெரிக்காவில் பிரேசில், மெக்சிகோ. ஆசியாவில் தென்கொரியா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர். பத்திலும் மிகச் சிறியது சிங்கப்பூர். இயற்கை வளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குடிதண்ணீரே ஜொகூரிலிருந்து குழாய் வழியாக வந்தாக வேண்டும்.

வளம் இல்லாத ஊர் அதற்கு முன்பு எதை வைத்துப் பிழைத்தது? நம் பால்மரத்தை வைத்துத்தான் என்றால் பெரிய பொய்யில்லை. 1877-இல் ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் 1912 வரை அந்தத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காலையில் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகிறவர் கையிலிருக்கும் கத்தி, அந்த முறையைத்தான் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் பால் உறைந்து தகடாகி, புகைக்கூண்டில் காய்ந்து, ரயிலேறிச் சிங்கப்பூர்க் கிடங்குக்குப் போகும். அங்கே தரம் பிரித்துக் கட்டி, கப்பலேற்றி, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவார்கள். ஓரிடத்தில் வாங்கி வேறிடத்துக்கு அனுப்பும் இதைத்தான் மறு ஏற்றுமதி வாணிபம் என்கிறோம். சரக்குக்குச் சொந்தக்காரர் வேறு, உழைத்தவர் வேறு. நடுவில் நிற்கும் துறைமுகத்துக்குத் தரகும் கிடங்கு வாடகையும் கூலியும் கிடைக்கும்.

இங்கே கூட்டு மதிப்பு என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளலாம். தோட்டத்தை விட்டுப் போன ரப்பர் தகடு, கொஞ்ச நாள் கழித்து லாரியின் டயராகத் தோட்டத்துக்கே திரும்பி வருகிறது. போகும்போது இருந்த விலை வேறு, வரும்போது இருக்கும் விலை வேறு. இடையில் இயந்திரமும் தொழில்நுட்பமும் வேறு கைகளும் சேர்த்த மதிப்புதான் அந்த வித்தியாசம். அந்த வித்தியாசம் யார் நாட்டில் தங்குகிறதோ அந்த நாடு தொழில் நாடு. தகட்டோடு நின்றுவிடுகிற நாடு மூலப்பொருள் நாடு.

இதை அந்தக் காலத்திலேயே நன்றாக அறிந்தவர் ஜேம்ஸ் புதுச்சேரி. கேரளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசியல் காரணத்துக்காகச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது, மலாயாப் பொருளாதாரம் யாருக்குச் சொந்தம் என்பதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அது 1960-இல் வெளிவந்தது. ரப்பர்த் தோட்டங்களை ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள் சில எப்படித் தம் பிடிக்குள் வைத்திருந்தன என்பதை அதில் கணக்கோடு காட்டினார். தோட்டத்துரை முதலாளி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையான கணக்குப் புத்தகம் லண்டனோடு தொடர்புள்ள ஓர் அலுவலகத்தில் இருந்தது. சிறையில் உட்கார்ந்து எழுதிய இந்தப் புத்தகத்துக்கு ஈடாக, வசதியாக உட்கார்ந்து எழுதியவர்களின் புத்தகங்கள் எத்தனை தேறும் என்று நமக்கு ஐயம் உண்டு. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இடதுசாரி அரசியல்வாதிகளும் தொழிற்சங்கத்தாரும் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானபோது, அவரும் மறுபடி கைதானார். தொழில்மயக் கதையில் இந்தக் கைதுகளும் ஒரு பகுதி. அதைப் பிறகு காண்போம்.

1959-இல் சிங்கப்பூருக்கு உள்நாட்டுச் சுயாட்சி கிடைத்தது. லீ குவான் யூ பிரதமர். கோ கெங் சுவீ நிதியமைச்சர். மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. வேலை தேடுவோரில் பத்துக்கு ஒருவர் அளவில் வேலையின்றி இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. அதன் தலைவர் வின்செமியஸ் என்ற டச்சுப் பொருளியல் அறிஞர். பிறகு 1984 வரை அரசுக்கு ஆலோசகராக இருந்தார். தரகு வாணிபத்தை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது, தொழிற்சாலைகள் வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங் சதுப்பை மேடாக்கினார்கள். முதலில் எழுந்தவற்றுள் ஒன்று தேசிய இரும்பு எஃகு ஆலை. தொடக்கத்தில் தொழிற்சாலைகள் மெதுவாகவே வந்தன. காலி மனைகளைப் பார்த்தவர்கள் அந்த இடத்துக்குக் ‘கோவின் மடமை’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அன்றைய திட்டம் மலாயாவை நம்பிய திட்டம். வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருளை உள்நாட்டிலேயே செய்வது, அந்நியச் சரக்குக்குச் சுங்கவரி போட்டு நம் சரக்கைக் காப்பது: இதற்கு இறக்குமதி மாற்று என்று பெயர். அதற்குப் பெரிய சந்தை வேண்டும். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோது அந்தச் சந்தை கிடைத்ததாகவே எண்ணினார்கள். அந்தச் சூழ்நிலையில் வந்ததுதான் ஜூரோங்கில் ஜப்பானிய நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோனின் டயர்த் தொழிற்சாலை. தகடு டயராகும் வேலை நம் பக்கத்திலேயே நடக்கத் தொடங்கியது. ஆனால் 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. சந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் மட்டும் உள்ள ஊரில் எத்தனை டயர் விற்க முடியும்? அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது.

வேறு வழி தேட வேண்டியிருந்தது. உள்ளூருக்குச் செய்யாமல் உலகத்துக்கே செய்வது என்று முடிவு செய்தார்கள். ஏற்றுமதி நோக்கிய தொழில்மயம் என்பது இதுதான். செய்து விற்கும் அனுபவம் தங்களிடம் இல்லை. ஆகவே அனுபவம் உள்ள அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்களையே கூப்பிட்டார்கள். 1967-இல் ஒரு சட்டம் வந்தது. வழக்கமான நிறுவன வரி நூற்றுக்கு 40. அங்கீகாரம் பெற்ற ஏற்றுமதி இலாபத்துக்கு நூற்றுக்கு 4 மட்டும். அக்காலத்தில் புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகள், அந்நிய நிறுவனம் என்றாலே சுரண்டல் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. தோட்டத் தொழிலாளியின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்தில் நியாயமில்லாமல் இல்லை. சிங்கப்பூர் கதவைத் திறந்தது. 1960-களின் கடைசியில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் வந்தன. நுண்ணோக்காடியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலைக்கு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் போனார்கள். அவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளக் கவரைக் கொண்டுவந்த பெண்கள்.

முன்பு ஜொகூர், பகாங் தோட்டங்களும் சுரங்கங்களும் சிங்கப்பூருக்குப் பின்புலமாக இருந்தன. இனி உலகமே பின்புலம் என்ற கருத்தை 1972 பிப்ரவரியில் ஓர் உரையில் விளக்கினார் அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். அவர் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். தோட்டத்தின் நெளிவுசுளிவு தெரிந்த வீட்டிலிருந்து இந்தக் கருத்து வந்தது என்பது நாம் கவனிக்கத் தக்கது.

இனி தொழிலாளி கொடுத்ததற்கு வருவோம். 1968 ஜனவரியில் பிரிட்டன், தன் படைத்தளங்களை 1971-க்குள் மூடப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. நாற்பதாயிரம் பேரின் வேலை போகும் நிலை. அந்தப் பயத்தின் நடுவே அதே ஆண்டு இரண்டு தொழிலாளர் சட்டங்கள் வந்தன. வாரத்துக்கு 44 மணி நேர வேலை. ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. இது பலருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஆளை எடுப்பது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது, ஆட்குறைப்புச் செய்வது ஆகியவை நிர்வாகத்தின் உரிமை என்றும், அவற்றைச் சங்கம் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர முடியாது என்றும் சட்டம் சொன்னது. 1961-இல் சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1969-இல் ஒன்றுகூட நடக்கவில்லை. சங்கத்தின் முதல் ஆயுதம் உறைக்குள் போய்விட்டது. எதிர்த்துப் பேசக்கூடிய தலைவர்களில் பலரை 1963-ஆம் ஆண்டுக் கைதுகள் ஏற்கெனவே களத்திலிருந்து அகற்றியிருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிக் கதைதான்.

இந்த மாற்றத்துக்குத் தொழிலாளர் பக்கத்திலிருந்து தலைமை ஏற்றவர் தேவன் நாயர். மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் மகன். பிற்காலத்தில் 1981 முதல் 1985 வரை நாட்டின் அதிபர். தேசிய தொழிற்சங்கக் காங்கிரசு 1969-இல் ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தியது. சண்டைக்குப் பதிலாகச் சங்கம் கூட்டுறவு நடத்தட்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1970-இல் காப்புறுதிக் கூட்டுறவும், 1973-இல் தோ பாயோவில் மளிகைப் பேரங்காடியும் தொடங்கினார்கள். எண்ணெய் விலையேற்றத்தால் அரிசி, சீனி விலை தாறுமாறாக ஏறிய காலம் அது. தோட்டக் கடையில் பற்று எழுதி வாங்கிப் பழகியவர்களுக்குச் சங்கமே கடை நடத்துவதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1972-இல் தேசிய சம்பள மன்றம் அமைந்தது. அரசு, முதலாளி, சங்கம் என மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஆண்டுதோறும் சம்பளம் எவ்வளவு ஏறலாம் என்று பரிந்துரைக்கும் சபை அது. பேராசிரியர் லிம் சோங் யா அதன் தலைவர். முத்தரப்பு உறவு என்று சொல்வது இதைத்தான். நம் தோட்டங்களில் சம்பளம் வேறு விதமாக முடிவானது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், தோட்ட முதலாளிகளின் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போடும். அந்தச் சம்பளமும் ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் அடுப்பும் மங்கும். சிங்கப்பூர்த் தொழிலாளியின் சம்பளம் நாட்டின் வளர்ச்சியோடு கட்டப்பட்டது. எது மேல் என்று கேட்டால், வளரும் காலத்தில் இரண்டாவதுதான் மேல் என்போம். தேயும் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்கு முன்பு சேமிப்பும் வீடும். மலாயாவில் ஊழியர் சேம நிதி 1951-இலேயே வந்துவிட்டது; சிங்கப்பூரின் மத்திய சேம நிதி 1955-இல் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி 5. படிப்படியாக ஏறி, 1984-இல் இருவரும் 25, 25 என்றானது. நூறு வெள்ளிச் சம்பளத்துக்கு ஐம்பது வெள்ளி சேமிப்பு! உலகத்தில் இப்படிப்பட்ட கட்டாயச் சேமிப்பு அபூர்வம். அரசு அந்த நிதியைக் கடன்பத்திரங்களின் வழியே பெற்று நாட்டின் வளர்ச்சிக்குப் பயன்படுத்த முடிந்தது. 1968 முதல் அந்தச் சேமிப்பைக் கொண்டே அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டை வாங்கவும் வழி செய்தார்கள். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அடுத்த ஆண்டு புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது தன் வேகத்தைக் காட்டியது. 1980-களின் நடுவில் நூற்றுக்கு எண்பது பேர் கழகத்தின் வீடுகளில் குடியிருந்தார்கள்.

இந்த வீட்டு விஷயத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் கூரையும் போய்விடும். தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டபோது குடும்பம் குடும்பமாகச் சாலைக்கு வந்ததை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் முதலாளி மாறினாலும் ஆலை மூடினாலும் மாடிவீட்டுச் சாவி தொழிலாளியின் மடியில் இருந்தது. தவணை கட்ட வேலை வேண்டுமே என்ற கவலையும் கூடவே இருந்தது என்பது வேறு. வேலைநிறுத்தத்துக்கு ஆசை குறைந்ததற்கு அந்தத் தவணையும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

உற்பத்தித் திறன் என்ற சொல்லைத் துறைமுகத்தில் பார்க்கலாம். தஞ்சோங் பகாரில் மூட்டை சுமந்தவர்களில் தமிழர் ஏராளம். 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் அங்கே வந்தது. பல கைகள் நாள்கணக்கில் இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி இறக்கத் தொடங்கியது. அதை ஓட்டக் கற்றவனுக்குச் சம்பளம் கூடியது. முதுகை மட்டும் நம்பியவனுக்கு வேலை குறைந்தது. 1979-இல் அரசு, மலிவுக் கூலி நாடாக இருக்க வேண்டாம் என்று சொல்லி, சம்பள மன்றத்தின் வழியாக மூன்றாண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே வேகமாக ஏற்றியது. மலிவாக ஆள் கிடைக்காவிட்டால்தான் முதலாளி இயந்திரம் வாங்குவான் என்பது கணக்கு. 1982-இல் உற்பத்தித் திறன் இயக்கத்துக்குத் தேனீ ஒன்றைச் சின்னமாக்கிச் சுவரெங்கும் ஒட்டினார்கள். தேனீக்குத் தேன் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்ட குறும்புக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

வளர்ச்சி நின்ற ஆண்டு 1985. மறு ஆண்டு சம்பளத்தை உயர்த்தாமல் நிறுத்தினார்கள். முதலாளி சேம நிதிக்குச் செலுத்தும் பங்கை 25-இலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். தொழிலாளியின் சேமிப்பிலிருந்து அது போனது. அதே 1986 ஜனவரியில், ஓர் அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனத்தில், சங்கத்தாரைக் குறிவைத்து ஆட்குறைப்புச் செய்ததாகக் கூறி இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கு ஒப்புதல் கொடுத்தவர் அமைச்சராகவும் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் இருந்த ஓங் டெங் சியோங். பேரத்தில் முதலாளி பக்கமும் எல்லை உண்டு என்று காட்டிய நிகழ்ச்சி அது.

இந்தப் பேரம் முழுவதற்கும் ஒரு நுழைவுச் சீட்டு இருந்தது: குடியுரிமை. 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்களைப் பதிந்துகொள்ளும்படி ஓயாமல் தூண்டினார். ஊருக்குத் திரும்பிவிடுவோம், இந்தக் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டவர்களும் பலர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளிகளும் 1968-க்குப் பிறகு அதன் விலையைத் தெரிந்துகொண்டார்கள். தளம் கப்பல் பட்டறையாக மாறியது. குடியுரிமை உள்ளவருக்கு வேறு வேலைக்கு வழி இருந்தது. இல்லாதவர் பலர் கப்பலேறினார்கள். இக்கரையிலும் 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டத்தால் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போனது நமக்கெல்லாம் தெரிந்ததே. வெறும் காகித வேலை என்று தள்ளிப்போட்டதால் ஒரு பரம்பரையே இடம் மாறியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போனால், தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான கட்டுமான, கப்பல் பட்டறைத் தொழிலாளர்களைக் காணலாம். மாடிவீடுகளையும் ரயில் பாதைகளையும் கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் வேலை அனுமதியில் வந்தவர்கள். அவர்களுக்கு மத்திய சேம நிதி இல்லை; கழகத்தின் வீட்டை வாங்க முடியாது; குடும்பத்தை அழைத்துவர முடியாது; வேலை போனால் அனுமதியும் போகும். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதி ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தபோது அங்கே கலவரம் மூண்டது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, அந்நாட்டில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நெருக்கமான விடுதிகளில் தங்கியிருந்த இந்தத் தொழிலாளர்கள்தான். அவ்வாண்டு மார்ச் 18-இல் ஜொகூர்ப் பாலம் மூடப்பட்டபோது, காலையில் போய் இரவில் திரும்பிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பலர், அக்கரையில் கிடைத்த இடத்தில் படுத்து வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

அயல்நாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதந்தோறும் ஒரு தீர்வை கட்டுகிறார். மலிவான ஆளை அளவுக்கு மீறி எடுக்காதிருக்க 1980-களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. சேம நிதியைப் போல அது தொழிலாளியின் பெயரில் சேர்வதில்லை. அரசின் கருவூலத்துக்குப் போகிறது.